டூங்காபியிலிருந்து ஃபெதர்டேல்: அம்மா, 5 வயது மகளுடன் அரை நாள் போதுமா?

தாம்பரம்காரன் கேட்டது:

வணக்கம். ஜூலை முதல் வாரம் சிட்னி வருகிறோம். டூங்காபியில் உறவினர் வீட்டில் தங்கல். மகளுக்கு 5 வயது. கங்காரு, கோலா, வொம்பட் (வளை தோண்டி வாழும் குண்டு விலங்கு) மூன்றையும் கிட்டத்தில் பார்த்தே ஆக வேண்டுமாம். அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. அரை மணி நேரம் நடந்தால் உட்கார இடம் தேட வேண்டும். டாரோங்கா மிருகக்காட்சிசாலை பெரியது, அம்மாவுக்குச் சிரமம் என்றார்கள். டூன்சைடில் இருக்கும் ஃபெதர்டேல் விலங்குப் பூங்கா போதுமா? வண்டலூர் மாதிரி நாள் முழுக்க அலைய வேண்டியிருக்குமா? கார் கிடையாது. டூர் ஏஜென்ட் ஒருவர் கோலாவைத் தூக்கிப் படம் எடுக்கலாம் என்கிறார், உண்மையா? சைவச் சாப்பாடு கிடைக்குமா, கையில் கட்டிக்கொண்டு போகலாமா? கங்காருக்கு நாம் கொண்டுபோவதைக் கொடுக்கலாமா?

மேற்கு_சிட்னி_மணி:

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தவறான வாசலில் போய் நிற்பவர்கள் இங்கே நிறைய. ‘சிட்னி ஸூ’ என்பது 2019 டிசம்பரில் பங்கரிபீயில் திறந்த புதிய மிருகக்காட்சிசாலை. சிங்கம், யானையெல்லாம் அங்கேதான். ‘வைல்ட் லைஃப் சிட்னி ஸூ’ நகரத்துக்குள், டார்லிங் ஹார்பரில், பெரும்பாலும் கூரைக்குக் கீழே. நீங்கள் கேட்பது ஃபெதர்டேல். டூன்சைட், கில்டேர் ரோட்டில் 1972 முதல் இருக்கிறது; கிட்டத்தட்ட முழுக்க ஆஸ்திரேலியாவின் சொந்த விலங்குகள். இப்போது அதன் பெயரிலும் ‘சிட்னி’ சேர்ந்துவிட்டது. பங்கரிபீக்கும் டூன்சைடுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ஊபரில் ‘சிட்னி ஸூ’ என்று தட்டிவிட்டால் அடுத்த பேட்டையில் இறங்குவீர்கள். டிக்கெட் வாங்கும்போதும் இதையே சரிபாருங்கள்.

வண்டலூர் 602 ஹெக்டேர். ஃபெதர்டேல் மூன்று ஹெக்டேர் சொச்சம், நம் கணக்கில் எட்டு ஏக்கர். தரை பெரும்பாலும் சமம், பெஞ்சுகள் அங்கங்கே உண்டு. டாரோங்கா 1916-ல் மாஸ்மனில் மலைச்சரிவில் கட்டியது. துறைமுகக் காட்சி அபாரம், ஆனால் முட்டிவலிக்காரருக்கு அந்த ஏற்ற இறக்கம் வேண்டாம். உங்கள் மூன்று விலங்குக்கும் ஃபெதர்டேலே போதும். நிதானமாகப் பார்த்தால் இரண்டரை மணி, சாப்பாட்டோடு மூன்றரை மணி நேரம்.

டிக்கெட்டை இணையத்திலேயே வாங்கிவிடுங்கள். திறக்கும் நேரம், கடைசி நுழைவு நேரம் இரண்டையும் முதல் நாள் இரவே அவர்கள் தளத்தில் பாருங்கள். ஜூலையில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால் மதியத்துக்குமேல் கிளம்பிப் போவது வீண். முதியோர் சலுகைக்கு அநேகமாக ஆஸ்திரேலிய சீனியர் கார்டைத்தான் கேட்பார்கள். அம்மாவுக்கு முழுக் கட்டணம் என்றே கணக்குப் போடுங்கள்.

போகும் நாள்: ஜூலை முதல் பாதியில் இங்கே குளிர்காலப் பள்ளி விடுமுறை வரும். விடுமுறை தொடங்கும் தேதிக்கு முன்னால் ஒரு வார நாள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். காலையில் புளூ மவுண்டன்ஸ் போகும் சுற்றுலாப் பேருந்துகள் வழியில் இங்கே நிறுத்திவிட்டுப் போவது வழக்கம். அந்தக் கூட்டம் கலைந்தபின், பத்தரை வாக்கில் நுழைவது நல்லது.

கோலாவைத் தூக்குவது பற்றி: முடியாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பார்வையாளர் கோலாவைத் தூக்குவதற்குச் சட்டமே தடை. குயின்ஸ்லாந்து போன்ற சில மாநிலங்களில் பல காலம் அனுமதி இருந்தது; குயின்ஸ்லாந்திலேயே 1927-ல் தொடங்கிய பிரிஸ்பேன் லோன் பைன் சரணாலயம் 2024-ல் அதை நிறுத்திவிட்டது. ஏஜென்ட் பழைய கதையைச் சொல்கிறார். இங்கே கோலாவின் பக்கத்தில் நின்று, பராமரிப்பாளர் அனுமதித்தால் முதுகைத் தொட்டு, படம் எடுக்கலாம். அதற்குத் தனிக் கட்டணம், தனி முன்பதிவு. நுழைவுச் சீட்டில் அது சேராது.

வெந்தவத்தை_அன்ரி:

பயண விபரத்தை நான் சொல்லுறன். டூங்காபியில ரெயின் எடுத்தால் செவன் ஹில்ஸ், அடுத்தது பிளாக்டவுன். ரெண்டே ஸ்டேஷன். பிளாக்டவுனில இறங்கி 729 பஸ் எடுங்கோ, பூங்கா வாசலிலயே விடும். கூகிள் மப்பில பார்த்திட்டு, “டூன்சைட் ஸ்டேஷன் இன்னும் கிட்ட இருக்கே” எண்டு அங்க போய் இறங்காதேங்கோ. அங்கயிருந்து நல்ல நடை, அம்மாவுக்கு ஏலாது. பஸ் அடிக்கடி வராது, சனி ஞாயிறில இன்னும் குறைவு. அதால ரெயின் நேரத்தைப் பார்த்துப் பஸ்ஸைத் தேடாமல், பஸ் நேரத்தை முதல் பார்த்து அதுக்கேற்ற ரெயினைப் பிடியுங்கோ. திரும்பிற பஸ்ஸின்ர நேரத்தையும் உள்ள போக முதலே படம் எடுத்து வைச்சிருங்கோ. வார இறுதியில தண்டவாள வேலை எண்டு ரெயினை நிப்பாட்டிப் பஸ் ஓட்டுற வழக்கம் இங்க இருக்கு. கிளம்ப முதல் ‘டிரிப் பிளானர்’ எண்ட பயணத் தளத்தைப் பாக்காமல் வெளிக்கிடாதேங்கோ.

காசு கட்டுறதுக்குப் பெரியாக்கள் தங்கட தங்கட பாங்க் கார்ட்டைத் தட்டலாம். ஆனால் ஆளுக்கொரு கார்ட் வேணும், ஒரு கார்ட்டில ரெண்டு பேர் போகேலாது. பிள்ளைக்கு 5 வயசு எண்டால் இலவசம் இல்லை, 4 வயசில இருந்து டிக்கெட் வேணும். பாங்க் கார்ட்டைத் தட்டினால் பெரியாக்களின்ர காசு கழிஞ்சுடும், அதால பிள்ளைக்குச் சிறுவர் ஓப்பல் கார்ட் (ரெயின், பஸ்ஸுக்குத் தட்டுற பயணக் கார்ட்) ஒண்டு கடையில வாங்குங்கோ. ஏறேக்க தட்டினதுபோல இறங்கேக்கயும் தட்டவேணும். பஸ்ஸில இறங்கேக்க மறக்கிறதுதான் கூட. மறந்தால் உச்சக் கட்டணம் எடுத்துப்போடும். ரெயினால இறங்கி 60 நிமிசத்துக்குள்ள பஸ்ஸில ஏறினால் மாறுற சலுகை தானாகவே கிடைக்கும்.

குளிர்: ஜூலையில காலமை மேற்குப் பக்கம் 5, 6 பாகைக்கு இறங்கும், மத்தியானம் 17 பாகை மட்டில வரும். மெல்லிய உடுப்பு ரெண்டு மூண்டு அடுக்காப் போட்டால் வெயில் வரக் கழட்டலாம். பிள்ளைக்கு மாத்துச் சப்பாத்து ஒரு சோடி கொண்டு போங்கோ. கங்காரு நிக்கிற இடத்தில புழுக்கை மிதிக்காமல் ஒருத்தரும் வெளிய வந்ததில்லை.

சாப்பாடு உள்ள கஃபேயில இருக்கு. சைவத்துக்குச் சிப்ஸும் அதுமாதிரிச் சில சாமானும்தான், சோறு எதிர்பாக்காதேங்கோ. புளிச்சோறோ இட்டலியோ கட்டிக்கொண்டு போனால் காணும். திரும்பேக்க பெண்டில் ஹில், வெந்தவத்தைப் பக்கம் இறங்கினால் எங்கட சாப்பாட்டுக் கடை தாராளமா இருக்கு. அம்மாவுக்குக் களைப்பில்லை எண்டால் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் பின்னேரம் போகலாம், நடை திறக்கிற நேரத்தைப் பார்த்திட்டு.

(வெந்தவத்தை எண்டது வென்ட்வர்த்வில். வாயில நுழையாததால நாங்கள் வைச்ச பேர், மப்பில தேடாதேங்கோ.)

பைப்பாலூட்டி:

மணி சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பத்தரைக்குப் போகாதீர்கள், திறக்கும்போதே போங்கள். காரணம் கங்காருவின் வயிறு. தீனியைப் பூங்காவே சிறு கோப்பைகளில் விற்கிறது. காலையில் முதலில் வருபவர்களிடம் வாலபிகள் (கங்காருவின் சின்ன உறவுகள்) ஓடி வரும். கூட்ட நாளில் மதியம் இரண்டு மணிக்கு அதே வாலபிகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு நிழலில் காலை நீட்டிப் படுத்திருக்கும். கோப்பையை மூக்குக்கு நேரே நீட்டினாலும் திரும்பாது. குழந்தை அழும். பேருந்துக் கூட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர்களுக்கு நேரம் குறைவு, பெரும்பாலும் கோலா படத்துக்குத்தான் முதலில் ஓடுவார்கள். நீங்கள் எதிர்த்திசையில், வாலபிப் பகுதியில் தொடங்குங்கள். அவர்கள் பேருந்து ஏறும் நேரத்தில் கோலாவிடம் போய்ச் சேருவீர்கள்.

தீனி கொடுக்கும் முறை: உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, விரல்களைச் சேர்த்து, கொஞ்சம் தீனியை நடுவில் வையுங்கள். விரல் நுனியில் பிடித்து நீட்டினால் கடி விழும். அதற்கு எது விரல், எது தீனி என்று தெரியாது. குனிந்தோ குத்துக்காலிட்டோ உட்காருங்கள், நின்றபடி மேலிருந்து கை வந்தால் பயந்து விலகும். தலையைத் தடவாதீர்கள், நெஞ்சையோ தோளையோ சொறிந்தால் நிற்கும். சில கங்காருகள் முன்னங்கால்களால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தின்னும். அப்போது கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, நகம் கீறும். தின்று முடித்தால் தானே விடும். குட்டி எட்டிப் பார்க்கும் பைக்குள் கை நீட்டவே கூடாது. ஒரே தடவையில் நாலு கோப்பை வாங்காதீர்கள், ஒன்று வாங்கித் தீர்ந்தபின் அடுத்தது. திறந்த கோப்பையைக் குழந்தை கையில் கொடுத்தால் வாலபிக்கு முன்னால் அரிவாள் மூக்கன் வந்துவிடும். நம் ஏரிகளில் நிற்கும் வெள்ளை அரிவாள் மூக்கனின் நெருங்கிய உறவு. சிட்னிக்காரர்கள் அதைக் ‘குப்பைத்தொட்டிக் கோழி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்குக் குறைவில்லாமல் நடந்துகொள்ளும். கோப்பை பெரியவர் கையில், தீனி மட்டும் குழந்தை கையில்.

வெளியிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். ரொட்டி, பிஸ்கட், முறுக்கு எதுவுமே. மென்மையான, மாவுப்பண்டமான தீனி கங்காருவின் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே சிக்கி, புண்ணாகி, கிருமி தாடை எலும்புவரை இறங்கும். தாடை வீங்கும், சாப்பிட முடியாமல் போகும், உயிரே போவதும் உண்டு. ‘தாடைக் கட்டி’ நோய் என்று எல்லாப் பூங்காவும் அஞ்சுவது இதைத்தான். ஸ்ட்ரோலர் கொண்டுபோனால் கீழ்த்தட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு வாலபிப் பகுதிக்குள் தள்ளாதீர்கள். நீங்கள் படம் எடுத்து முடிப்பதற்குள் பொட்டலம் பிரிந்திருக்கும். நுழைவில் இரட்டைக் கதவு இருந்தால், முதல் கதவு மூடியபின்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தை வாயில் எதுவும் போகக் கூடாது.

கோலா. இது ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். தைல மர இலையில் சத்து குறைவு, நஞ்சு அதிகம். அதைச் செரிக்கவே உடம்பின் சக்தி போய்விடுகிறது. ஊட்டியில் நிற்கிற தைல மரங்கள் 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து போனவை. அந்த மரத்தின் சொந்தக்காரர் இவர்தான் என்று மகளிடம் சொல்லுங்கள். பக்கத்தில் போனால் நீலகிரித் தைல வாசனை லேசாக வரும். விழித்த கோலாவைப் பார்க்க ஒரே வழி, பராமரிப்பாளர் புது இலைக் கொத்து மாற்றும் நேரத்தில் அங்கே நிற்பது. நுழைவில் அன்றைய நிகழ்ச்சிகளின் நேரத்தைக் கேட்கும்போது, “இலை எப்போது மாற்றுவீர்கள்?” என்றும் கேளுங்கள். அட்டவணையில் அது பெரும்பாலும் இருக்காது. இலை வந்த பிறகு இருபது நிமிடம் கொள்ளை அழகு, அப்புறம் மறுபடி தூக்கம். ஜூலை முதல் செப்டம்பர் வரை குட்டிகள் பையிலிருந்து தலை நீட்டும் காலம். தாய்க் கோலாவின் மடியை நன்றாகக் கவனியுங்கள். அந்த வயதுக் குட்டி தாயின் இளகிய கழிவைத் தின்னும். அருவருப்புப் பட வேண்டாம், இலையைச் செரிக்கும் நுண்ணுயிர் அதன் வயிற்றுக்குள் போவது அப்படித்தான்.

வொம்பட்டுக்குச் சூடு ஆகாது, அதனால் ஜூலை அருமையான மாதம். கோடையில் இங்கே பகல் முழுக்க வளைக்குள் கிடக்கும். பக்கத்திலிருக்கும் பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி; அந்த மாதிரி நாளில் எந்த விலங்கும் வெளியே வராது. வொம்பட்டின் பை பின்பக்கமாகத் திறக்கும், மண் தோண்டும்போது குட்டி மேல் மண் விழாமல் இருக்க. சாணம் சதுரக்கட்டி வடிவம். 5 வயசுக்கு இதைவிடப் பெரிய அதிசயம் பூங்காவில் கிடையாது.

டாஸ்மேனியன் டெவில் (இறைச்சி தின்னும் சிறு பைவிலங்கு; டெவில் என்றால் பேய்) தீனி நேரத்தைத் தவறவிடாதீர்கள். அது உறுமிக் கத்தும் சத்தத்தைக் கேட்டால் பெயர்க் காரணம் புரியும். 1996-ல் முதலில் கண்ட முகப்புற்று நோய் கடித்துக்கொள்வதன் மூலம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுகிறது. நோயில்லாத இருப்பைக் காப்பாற்றப் பல பூங்காக்களில் இவற்றை வளர்க்கிறார்கள். முதலை, பல்லி வகைகள் குளிரில் மந்தமாகவே இருக்கும். ஜூலையில் அதற்காக நேரம் ஒதுக்க வேண்டாம். குவோக்கா என்ற குட்டி வாலபி வகை சிரிக்கிற மாதிரி முகம் வைத்திருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ராட்நெஸ்ட் தீவுக்காரர். 1696-ல் அங்கே இறங்கிய டச்சுக் கப்பல்காரர்கள் இவற்றைப் பெருச்சாளி என்று நினைத்துத் தீவுக்கே ‘எலி வளை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொந்தன் ஆந்தை போலத் தோன்றும் ஃபிராக்மவுத் பறவை கூண்டில் இல்லையென்று நகராதீர்கள்: மரக்கிளையின் மொட்டை முனை மாதிரி தெரிவது அதுதான்.

தாம்பரம்காரன்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். அம்மா வாலபிப் பகுதிக்குள் வரலாமா, முட்டித் தள்ளிவிடுமா? பிளாட்டிபஸ் (வாத்து அலகு கொண்ட நீர் விலங்கு) இருக்குமா?

மேற்கு_சிட்னி_மணி:

காலை நேரத்து வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், பைப்பாலூட்டி சொன்னபடியே போங்கள். அம்மாவுக்கு: சின்ன வாலபிகள் முட்டித் தள்ளாது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்தே தீனி கொடுக்கலாம், உட்கார்ந்தவரிடம்தான் அவை இன்னும் தைரியமாக வரும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், தொங்கினால் மென்றுபார்க்கும். பெரிய கங்காரு நிமிர்ந்து நின்றால் குறுக்கே போகாமல் பக்கவாட்டில் விலகி வழி விட்டால் போதும். நடைக்கு ஊன்றுகோல் பழக்கம் இருந்தால் கொண்டுவாருங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்னாலேயே அழைத்துக் கேட்டுவிடுங்கள், வாசலில் போய்க் கேட்டால் கிடைப்பது உறுதியில்லை.

பைப்பாலூட்டி:

பிளாட்டிபஸ்ஸை நம்பி ஃபெதர்டேல் போகாதீர்கள். அதற்கென்றே பேர்போன இடம் மெல்பர்னிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இருக்கும் ஹீல்ஸ்வில் சரணாலயம். வளர்ப்பில் பிளாட்டிபஸ் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது 1943-ல் அங்கேதான். மெல்பர்ன் போகிறீர்கள் என்றால் அங்கே வைத்துக்கொள்ளலாம். முட்டையிடும் பாலூட்டி ஒன்றை மகளுக்குக் காட்ட எக்கிட்னா போதும். ஃபெதர்டேலிலேயே இருக்கிறது, குளிர்காலம் அதற்கு இணைசேரும் பருவம், வேலியோரமாக ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். முள்ளம்பன்றி என்று மகள் சொன்னால் திருத்துங்கள்: இரண்டுக்கும் முள்ளைத் தவிர எந்த உறவும் இல்லை.

படத்துக்கு ஒரு யோசனை. கண்ணாடி, வலை இருக்கும் இடங்களில் கைபேசி லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து எடுங்கள். வலையானால் துளைக்கு நேரே, வலையைத் தொடும் தூரத்தில். ஃபிளாஷ் எங்கேயும் வேண்டாம். இரவு விலங்குகளின் இருட்டறைக்குள் நுழைந்ததும் வேகமாகக் கடக்காதீர்கள். கண் பழக ஐந்து நிமிடம் பிடிக்கும், பில்பி (முயல் காது கொண்ட சிறு பைவிலங்கு) தெரியத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

வெந்தவத்தை_அன்ரி:

ஒண்டு விட்டுப்போச்சு. கிளி இறகு, ஈமு இறகு கீழ கிடந்து பிள்ளை பொறுக்கினால் அங்கயே வைச்சிட்டு வரச் சொல்லுங்கோ. இந்த நாட்டு விலங்குகளின்ர இறகு, தோல் மாதிரிச் சாமானை அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளிய கொண்டு போகேலாது, விமான நிலையத்தில வீண் கரைச்சல். ஞாபகத்துக்கு வேணுமெண்டால் வாசலில இருக்கிற கடையில பஞ்சு வொம்பட் வாங்கிக் குடுங்கோ. அதுவும் போகேக்க வாங்காமல் வரேக்க வாங்குங்கோ, இல்லாட்டி மூண்டு மணித்தியாலமும் நீங்கள்தான் சுமக்கவேணும்.